துண்டு போட்ட மெஷின்

புதன்கிழமை காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் ஐயாவு முதலில் பார்த்தது கரும்பலகையைத்தான். மில்லிங் மெஷினுக்கு நேரே, ‘தோட்டத்து பம்பு தண்டு’ என்று முந்தின நாள் சாயங்காலம் அவன் சிவப்பு சாக்பீஸில் எழுதியிருந்த வரியைக் காணோம். ஈரத் துணியால் யாரோ துடைத்திருந்தார்கள். அந்த இடத்தில் போர்மேன் பழனியப்பனின் சாய்ந்த கையெழுத்தில் ‘தேர் அச்சு’ என்று எழுதி, மேலே ஒரு பிள்ளையார் சுழியும் போட்டிருந்தது.

ஐயாவுக்குச் சுர்ரென்று ஏறியது. சாப்பாட்டுத் தூக்கை ஆணியில் மாட்டக்கூட மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நேற்றும் இப்படித்தான் துடைத்திருந்தார். நேற்று எதிர்த்துக் கேட்டதற்கு, பார்க்கலாம் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்த லட்சணம் இதுதான்.

ஈப்போவில் லஹாட் ரோட்டுப் பக்கம் இருந்தது சீன முதலாளி லியோங் தவுக்கேயின் பட்டறை. ஈயம் தோண்டும் கப்பல்கள், செம்பனை ஆலைகள், தோட்டங்கள் என்று எங்கே எது உடைந்தாலும் லாரியில் போட்டு இங்கேதான் கொண்டு வருவார்கள். வந்த சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. ஒன்று வார்ப்பில் தொடங்கி லேத்துக்குப் போகும். இன்னொன்று நேரே லேத்தில் ஏறி, அப்புறம் துளை போடப் போகும். எது எப்போது எந்த மெஷினில் ஏறவேண்டும், எதற்குப் பின்னால் எது நிற்கவேண்டும் என்று பலகையில் எழுதி, சாமானை அங்கேயிருந்து இங்கே நகர்த்துவது ஐயாவுவின் வேலை. கேட்பதற்கு என்னவோ சாக்பீஸ் பிடிக்கிற சுகமான வேலை மாதிரி இருக்கும். தனக்கு முன்னால் எவன் சாமான் ஏறினாலும் வந்து சட்டையைப் பிடிக்கிற வாடிக்கைக்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

லேத்துகள் வரிசையாய் நின்றன. துளை போடுகிற மெஷின்களும் போதுமான அளவு இருந்தன. ஆனால் மில்லிங் மெஷின் மட்டும் ஒன்றே ஒன்று. பட்டறையில் பாதிச் சாமான் கடைசியில் அதன் வாசலில் வந்துதான் காத்துக் கிடக்கும். அது ஓடினால் பட்டறை ஓடும், அது நின்றால் லேத்தில் எத்தனை வேகமாய்க் கடைந்தாலும் சாமான் குவியுமே தவிர வெளியே போகாது. அதனால்தான் மற்ற மெஷினை விட்டாலும் அந்த ஒன்றை மட்டும் சும்மா நிற்க விடமாட்டான் ஐயாவு. ஆபரேட்டர் சீனி தண்ணீர் குடிக்கப் போனால்கூட, “எங்க போற, எப்ப வருவ” என்று கேட்டு மானத்தை வாங்குவான்.

அப்பேர்ப்பட்ட மெஷின் திங்கட்கிழமையிலிருந்து சும்மா நிற்கிறது.

கெட்டுப்போய் நின்றிருந்தால் பரவாயில்லை, அதற்கு யாரும் ஒன்றும் செய்யமுடியாது. நன்றாக இருக்கிற மெஷின். அதன் மேசையில் கோயில் தேரின் புது அச்சை ஏற்றி, மட்டம் பார்த்து, நாலு பக்கமும் போல்ட்டு முடுக்கி, மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார் பழனியப்பன். பங்குனி உத்திரத்துக்குத் தேர் ஓடவேண்டும். அச்சின் இரண்டு முனையிலும் பள்ளம் வெட்டவேண்டும். வெட்டத் தொடங்க நல்ல நேரம் வெள்ளிக்கிழமை காலை என்று குருக்கள் குறித்துக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வெட்டப்போகிற சாமானைத் திங்கட்கிழமையே ஏற்றி வைப்பானேன்? பஸ்ஸுக்கு வெளியே நின்றுகொண்டு ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறோமே, அதே சமாச்சாரம்தான். பின்னால் ஏறுகிறவன் கால் கடுக்க நிற்கட்டும், சீட்டில் துண்டு சௌகரியமாய் உட்கார்ந்திருக்கட்டும்.

அந்தப் பின்னால் நிற்கிற சாமான்களில் ஒன்றுதான் பம்பு தண்டு. லேத்தில் கடைந்து முடித்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி மெஷினுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தது. இனி அதில் ஒரே ஒரு பள்ளம் வெட்டினால் போதும். மதியம் ஏற்றினால் தேநீர் வேளைக்குள் இறக்கிவிடலாம்.

அந்தத் தண்டுக்காக அன்று காலை ஈப்போவுக்குப் பஸ் ஏறி வந்து, பட்டறை வாசலில் நின்றாள் ராக்காயி. ஐயாவுவின் உடன்பிறந்த தங்கை. ஆயர் தாவாருக்கு உள்ளே, முன்பு முழுக்கக் கித்தா என்கிற ரப்பர் மரமாய் இருந்து இப்போது பாதிக்குமேல் செம்பனையாகிவிட்ட தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் இருக்கிறாள். ஐயாவு பிறந்து வளர்ந்ததும் அதே லயம்தான். கையில் ஒரு பழைய ஆரஞ்சு சர்பத் போத்தல் வைத்திருந்தாள். நிறத்தைப் பார்த்து அதில் டீ இருக்கிறதென்று நினைத்தான் அண்ணன்காரன்.

“அண்ணே, பம்பு சாமான் ஆயிடுச்சா?”

“லேத்துல முடிஞ்சிருச்சு. இன்னும் ஒரு வேலதான் பாக்கி இருக்கு.”

“முந்தாநாளு ஆள் விட்டுக் கேட்டப்பவும் அதானே சொல்லி அனுப்புன.”

அவள் போத்தலை அவன் கையில் கொடுத்தாள்.

“இதத்தான் குடிக்கிறோம். செம்பனைக்கு நடுவுல ஓடுதுல்ல பாரிட் வாய்க்கா, அந்தத் தண்ணி. பீலிக் கொழாய்ல சொட்டுகூட வரல. காச்சிக் குடிங்கன்னு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிட்டுப் போறாரு. காச்சினா புழு சாவும், புல்லு மருந்து சாவுமா? போன வாரம்தான் அந்தப் பக்கம் பூரா மருந்து அடிச்சோம். நானேதான் அடிச்சேன்.”

போத்தலுக்குள் கலங்கலாய் ஏதோ மிதந்து அடியில் இறங்கியது. ஐயாவு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெரியவளுக்கு நேத்துலேருந்து வயித்தால போவுது. எதுத்த வீட்டு நல்லம்மா அக்காவ ஆஸ்பத்திரில படுக்க வச்சாச்சு. மேனேஜர்கிட்ட போய் நின்னோம். சாமான் ஈப்போலேருந்து வரலன்னு சொல்லிட்டாரு. எந்தப் பட்டறைன்னு கேட்டதுக்கு, உங்க அண்ணன் வேல செய்யிற பட்டறைதான்னு ஆபீஸ் கிராணி எல்லார் முன்னாலயும் சொல்றாரு. லயமே என் மூஞ்சியப் பாக்குதுண்ணே. நான் எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது இந்த மூஞ்சிய?”

ஐயாவு அவளைக் கடைக்கு அனுப்பி ஏதாவது சாப்பிடச் சொல்லிவிட்டு, போத்தலை எடுத்துக்கொண்டு நேரே போர்மேனின் மேசைக்குப் போனான். மேசையில் விரித்து வைத்திருந்த வரைபடத்தின்மேல் போத்தலை டொக்கென்று வைத்தான்.

பழனியப்பன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “என்னா தம்பி இது, டீயா?”

“குடிச்சுப் பாருங்கண்ணே. எங்க லயத்துல இப்ப இதான் தண்ணி.”

பழனியப்பன் கெட்ட மனுஷர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடித்தான் போனது. கீழே வைத்தார்.

“வெள்ளிக்கெழம காலைல பூச போட்டு ஆரம்பிச்சா, பொழுதுக்குள்ள அச்சு முடிஞ்சிரும். சனிக்கெழம மொதோ வேல உன் தண்டுதான். நானே எழுதித் தரேன்.”

“இன்னிக்குப் புதன்கெழமண்ணே. இன்னிக்கு மெஷினு என்னா செய்யுது?”

“காத்திருக்கு.”

“எதுக்கு?”

“நேரத்துக்கு.”

“நேரம் வெள்ளிக்கெழமதானே வருது. அது வர்ற வரைக்கும் என் சாமான ஏத்தி எறக்கிட்டுப் போறேன். சாமிக்கு என்னா நட்டம்?”

“ஏத்தி மட்டம் பாக்குறதுக்கே அர நாளு போச்சு, தெரியும்ல. எவ்வளவு நீளம் அது. மறுபடி எறக்கி, மறுபடி ஏத்தி, மறுபடி மட்டம் பாத்து…” என்று இழுத்தார் பழனியப்பன்.

“அர நாளு போவுதுன்னு மூணு நாளா நிறுத்தி வச்சிருக்கீங்களே. அந்தக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு?”

அப்போதுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. போன வருஷம் கோயில் மணியைத் தொங்கவிடுகிற தாங்கியை இதே பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு நாளைக்கு என்று, தவுக்கேயின் அவசர வேலைகள் ஒவ்வொன்றாய் இடையில் புகுந்து, கடைசியில் திருவிழா முடிந்தபிறகுதான் தாங்கி போய்ச் சேர்ந்தது. கமிட்டிக் கூட்டத்தில் எல்லாரும் பழனியப்பனைப் பார்த்துச் சிரித்தார்களாம். பட்டறையில் போர்மேனாய் இருந்து என்ன புண்ணியம் என்று ஒருவர் கேட்டாராம். இந்த வருஷம் அப்படி ஆகவிடமாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டார். மெஷினில் ஏற்றிக் கட்டிப் போட்டுவிட்டால், சாமி சாமானை இறக்க எவனுக்கும் கை வராது. தவுக்கேகூடத் தொடமாட்டார்.

“அதுக்காக ஊரே பாரிட் தண்ணி குடிக்கணுமாண்ணே?”

“கோவப்படாதலா. அவ்வளவு அவசரம்னா உளியால கொத்திரு பள்ளத்த. அந்தக் காலத்துல எல்லாம் உளிதான்.”

“தோட்டத்துல போன தடவ அப்படித்தான் உளியால கொத்திப் போட்டிருக்கான். அதான் ஆடி ஆடி ஒடிஞ்சு இங்க வந்து கெடக்கு.”

பழனியப்பன் வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் சுருட்ட ஆரம்பித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஐயாவு போத்தலைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தான். லியோங் தவுக்கே மணிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு மெஷின் ஒரு மணிநேரம் நின்றாலே முகம் கறுத்துப் போகிற மனுஷர். அவருக்கு வயிறு எரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கையில் ஐயாவு மலாயில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னான். தவுக்கே கேட்டார், தலையாட்டினார், போத்தலைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இத்து பாராங் தோக்கோங், ஆயாவு. சயா தா பெரானி.”

கோயில் சாமானாம். தொடத் தைரியம் இல்லையாம். ஆபீஸ் மூலையில் அவருடைய சிவப்புச் சாமி மாடத்தில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. ஒரு சாமி இன்னொரு சாமியைப் பகைத்துக்கொண்டால் பட்டறை என்னத்துக்கு ஆகும் என்பது அவர் பயம். பக்கத்துப் பட்டறைக்காவது தண்டை அனுப்பிவிடலாம் என்று ஐயாவு கெஞ்சினான். அதற்கு மட்டும் தவுக்கேக்கு ரோஷம் வந்துவிட்டது. எடுத்த வேலையை இன்னொருத்தன் வாசலில் கொண்டுபோய் வைப்பதா, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றார். இன்று காலையில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்கிற இரண்டாவது ஆள் அவர். முதல் ஆளுக்காவது கேட்க நியாயம் இருந்தது.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள்ளாகவே ஐயாவு சைக்கிளை எடுத்துவிட்டான். கோயில் கமிட்டித் தலைவர் அருளம்பலம் கிரீன் டவுனில் இருந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் சாமான் வெட்டுகிறவரை மெஷினில் வேறு சாமான் ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டவர் இவராகத்தான் இருக்கவேண்டும் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே மிதித்தான். நேரில் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தையெல்லாம் அடுக்கி வைத்திருந்தான்.

அருளம்பலம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஐயாவு சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்க கேட்க அவர் புருவம் மேலே போனது.

“நான் சொன்னது வெட்டத் தொடங்கிற நேரத்தைத் தம்பி. வெள்ளிக்கிழமை விடியத் தொடங்கினால் நல்லம் எண்டு குருக்கள் சொன்னவர். அதுக்கு முதல் மெஷினை மறிச்சு வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?”

“நீங்க சொல்லலியா?”

“நானும் சொல்லேல்லை, கமிட்டியிலை ஒருத்தரும் சொல்லேல்லை. போகாத வண்டியைப் பிளாட்பாரத்திலை நிப்பாட்டி வைச்சு, போற வண்டியளை வெளியிலை காக்க வைக்கிறதோ? ரயில்வேயிலை எண்டால் அவனை வேலையாலை நிப்பாட்டிப் போடுவம்.”

அடுக்கி வைத்திருந்த வார்த்தையெல்லாம் ஐயாவுக்கு வீணாய்ப் போனது. ஆனாலும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“அப்ப ஒரு வார்த்த பட்டறைல வந்து சொல்லிருங்கய்யா. எறக்கிட்டு வேற வேலய ஏத்துங்கன்னு நீங்க சொன்னா பழனியப்பண்ணே தட்டமாட்டாரு.”

அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

“அது சரிவராது, தம்பி. ஏத்த வேண்டாம் எண்டு முதலே கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். இப்ப குங்குமமும் வைச்சு ஏத்திப்போட்டினம். தலைவர்தான் இறக்கச் சொன்னவர் எண்டு நாளைக்குச் சனம் கதைக்கும். தேருக்கு ஏதும் ஒண்டு நடந்தால் எல்லாம் என்ரை தலையிலைதான் விழும். நீங்கள் பழனியப்பனோடை ஆறுதலாக் கதைச்சு, உங்களுக்குள்ளை ஒரு முடிவெடுங்கோ. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

“எனக்குத் தாகம் இல்லங்கய்யா” என்று எழுந்துவிட்டான் ஐயாவு.

திரும்பி வரும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. அதைவிட அவனுக்குள் கொதித்தது. சாமி கேட்கவில்லை. குருக்கள் கேட்கவில்லை. கமிட்டி கேட்கவில்லை. தலைவருக்கு விஷயமே தெரியாது. யாருமே கேட்காத ஒன்றுக்காக ஒரு மெஷின் நிற்கிறது, ஒரு லயம் சாக்கடைத் தண்ணீர் குடிக்கிறது. இத்தனை பேரில் இது சரி என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. தப்பு என்று சொல்லி இறக்கி வைக்கவும் ஒரு ஆள் இல்லை. ஏற்றும்போது மட்டும் எல்லாருக்கும் கை இருந்தது, இறக்குவதற்கு எல்லாருக்கும் கை முடமாகிப் போனது. இவர்களையெல்லாம் வரிசையாய் நிற்க வைத்து அந்தப் போத்தலில் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தால் என்ன என்று அவனுக்கு வந்த ஆத்திரத்தை அடக்கப் பெரும்பாடாய்ப் போனது.

பட்டறையில் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் எல்லாம் அடங்கியிருந்தன. மில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து சீனி சோறு தின்றுகொண்டிருந்தான். ஐயாவு நேரே போய் பெரிய ஸ்பேனரை எடுத்தான்.

“சீனி, இத எறக்கிட்டு தண்ட ஏத்தப் போறேன். கை கொடு.”

சீனி எடுத்த கவளத்தைக் கீழே வைத்தான். “அண்ணே, என் பொண்டாட்டி மாசமா இருக்காண்ணே. ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சின்னா வாழ்க்க பூரா இத நெனச்சுக்கிட்டுல்ல கெடக்கணும்.”

அவன் பயம் அவனுக்கு. “சரி, நீ தொடாத. நான் எறக்கினப்புறம் பள்ளம் வெட்டித் தருவியா, மாட்டியா?”

சீனி யோசித்தான். கையைக் கழுவினான். மறுபடியும் யோசித்தான். “எறக்கினப்புறம் மெஷினு மெஷினுதானே. வெட்டித் தரேன்.”

ஐயாவு முன்னால் போய் நின்று அச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனும் சாமி கும்பிடுகிறவன்தான். வருஷா வருஷம் தேர் வடத்தில் முன் வரிசையில் நின்று இழுக்கிறவன்தான். இறக்கி வைக்க வெறுந்தரை வேண்டாம் என்று இரண்டு மரக்கட்டை போட்டு, மேலே புதுச் சாக்கை விரித்தான். பிறகு முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தான்.

சத்தம் கேட்டு பழனியப்பன் ஓடி வந்தார். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

“டேய் ஐயாவு, என்னாடா பண்ற? நிறுத்து.”

ஐயாவு இரண்டாவது போல்ட்டுக்குப் போனான்.

“புதன்கெழமடா. ராகு காலம்டா இப்ப. செய்யிறதுதான் செய்யிற, ராகு காலம் முடியட்டும்னாவது பொறு.”

ஐயாவு அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். “லயத்துல புள்ளைங்களுக்கு வயித்தால போவுதுண்ணே. ராகு காலம் பாத்தா போவுது?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். தவுக்கேயின் ஆபீஸ் ஜன்னல் பாதி திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது. ஐயாவு கடைசிப் போல்ட்டையும் கழற்றினான். மேலே தொங்கிய சங்கிலிக் கப்பியை இழுத்து, பட்டையை அச்சுக்கு அடியில் கொடுத்து மாட்டி, மெதுவாய்த் தூக்கினான். ஒரு ஆளாய்ச் செய்கிற வேலை இல்லை அது. மேசையை விட்டுக் கிளம்பியதும் அச்சின் ஒரு முனை திரும்பி, மெஷின் தூணைப் பார்த்து ஆடிப் போனது.

“இடிச்சுக்கப் போவுதுடா” என்று கத்திக்கொண்டே பழனியப்பன் பாய்ந்து, எச்சில் கையோடு அந்த முனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் தாம் என்ன செய்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. விடவும் முடியவில்லை. விட்டால் அச்சு போய் மோதும். பற்களைக் கடித்துக்கொண்டு அவர் ஒரு முனையைப் பிடிக்க, ஐயாவு சங்கிலியை விட, இரண்டு பேருமாய்ச் சேர்ந்துதான் சாமியின் அச்சைச் சாக்கின் மேல் இறக்கி வைத்தார்கள்.

பழனியப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“வெள்ளிக்கெழம விடியறதுக்குள்ள இது மேல இருக்கணும்.”

“நாளைக்கு சாயங்காலமே நானே ஏத்தி, மட்டம் பாத்துத் தரேன்.”

“இந்த வருஷம் தேர் வடத்துல உன் கை படக்கூடாது, சொல்லிட்டேன்.”

ஐயாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏதேதோ சொல்ல வாய் வந்தது. வந்ததை மென்று விழுங்கிவிட்டு, “சரிங்கண்ணே” என்று மட்டும் சொன்னான்.

தேநீர் வேளைக்கு முன்பே தண்டு இறங்கிவிட்டது. பலகையில் பழனியப்பன் போட்ட பிள்ளையார் சுழியைத் துடைக்க ஐயாவுக்கு மனம் வரவில்லை. அதற்குக் கீழே, காத்துக் கிடந்த மற்றச் சாமான்களை ஒவ்வொன்றாய் எழுதிவிட்டு, கடைசியில் தேர் அச்சை எழுதினான். நாளைக்கு முழுக்க அந்த மெஷினுக்கு வேலை இருந்தது.

ராக்காயி பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்று அன்றே பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் தண்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஐயாவு கிளம்பினான். தவுக்கே அரை நாள் லீவு கொடுத்தார், எதற்கு என்று கேட்கவில்லை. தோட்டத்து மெஷின் பிட்டர் வாசலிலேயே காத்திருந்தார். இரண்டு பேருமாய் பம்பு வீட்டில் உட்கார்ந்து மாட்டி முடிக்கும்போது வெயில் ஏறியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் பம்பு ஒரு தரம் இருமி, பிறகு சீராய் ஓடத் தொடங்கியது.

லயத்துப் பீலியடியில் பெண்கள் வாளியும் குடமுமாய் வந்து குவிந்திருந்தார்கள். ஐயாவுவைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள். பீலியைத் திறந்தார்கள். வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லிக் காத்திருந்தார்கள். அப்புறமும் காற்றுதான் வந்தது. பம்பு ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐயாவு குழாயின் வழியே பின்னாலேயே நடந்து போனான். ராக்காயியும் வாளியோடு கூட வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். தண்ணீர் பிரிகிற இடத்தில், வால்வுச் சக்கரங்களுக்குப் பக்கத்தில், குடையை ஊன்றிக்கொண்டு, தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் உடையப்பன் நின்றிருந்தார். லயத்துக்குப் போகிற சக்கரம் இறுக்கி மூடியிருந்தது.

“என்னா மண்டோரே, லயத்துக் குழாய் மூடியிருக்கு?”

“நாத்துமேடைக்குப் போவுது தம்பி. செம்பனைக் கன்னுங்க எல்லாம் வாடிக் கெடக்கு. அது நெறஞ்சதும் மேனேஜர் பங்களா டேங்கி. அப்புறம் கித்தாப் பால் பேக்டரி. அதெல்லாம் முடிஞ்சா லயத்துக்குத் தொறந்து விடலாம். பொழுது சாயறதுக்குள்ள வந்துரும்.”

“யாரு போட்ட வரிச இது?”

“எப்பவும் இதானே வரிச. பம்பு வச்ச நாள்லேருந்து இதான்.” உடையப்பன் குற்றம் செய்தவர் மாதிரிப் பேசவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

ஐயாவு அங்கேயே குந்திவிட்டான். நேற்று முழுக்கச் சண்டை போட்டு, இருக்கிற ஒரே தேர் வடத்தையும் இழந்து, ஒரு வரிசையை உடைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தால், இங்கே இன்னொரு வரிசை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். அதிலும் இவர்கள்தான் கடைசி. அங்கே சாமிக்குப் பின்னால் நின்றார்கள், இங்கே செடிக்குப் பின்னால் நிற்கிறார்கள். என்ன அநியாயம் என்று வாய்விட்டுக் கத்தக்கூட அவனிடம் மூச்சு மிச்சமில்லை. நேற்றே எல்லாம் செலவாகிப் போயிருந்தது.

ராக்காயி வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“மண்டோரய்யா, கொஞ்சம் தள்ளுங்க.”

“ஏய், ராக்காயி, என்னா செய்யிற? மேனேஜர் உத்தரவு இது.”

“எங்க அண்ணன் சாமி சாமானையே எறக்கி வச்சிட்டு வந்திருக்கு. இது வெறும் செம்பனைக் கன்னுதானே.”

அவள் நாற்றுமேடைச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். துருப்பிடித்த சக்கரம் அசையவில்லை. பின்னால் நின்ற இரண்டு பெண்கள் வந்து கை போட்டார்கள். சக்கரம் கிறீச்சென்று திரும்பி மூடியது. லயத்துச் சக்கரத்தை வேறு இரண்டு பேர் திறந்துவிட்டார்கள். லயத்துப் பக்கம் போகிற குழாய் அதிர்ந்து, உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் காலடியில் கேட்டது. பீலியடியிலிருந்து யாரோ கூவினார்கள். முதலில் துருத் தண்ணீர் வருவதாகவும், இப்போது தெளிந்து வருவதாகவும் ஒருத்தி ஓடிவந்து சொன்னாள்.

உடையப்பன் குடையை விரித்தார், மறுபடி மடக்கினார். அவர் சக்கரத்தின் பக்கம் வரவில்லை.

“மேனேஜர் வந்து பங்களாவுக்கு ஏன் தண்ணி வரலன்னு கேட்டா நான் என்னா சொல்றது?”

ராக்காயி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“வரிசையில வந்து நிக்கச் சொல்லுங்க.”